ஆறாவது நட்சத்திரத்துக்குக் கீழே

"ஆறாவது நட்சத்திரம் எங்க பாக்குது?" என்று கேட்டார் ஆர்லன்.

ரொவீனா லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிந்திருந்தாள். சமையலறை மேசைமேல் கறுப்பு வெல்வெட் துணி, துணிமேல் ஒரு வெள்ளி அரை டாலர், அதில் தொப்பி போட்ட ஒரு சீமாட்டி. சீமாட்டியைச் சுற்றி நட்சத்திரங்கள்.

"நட்சத்திரத்துக்கு ஏது கண்ணு? அது எங்கயும் பாக்கல. சும்மா இருக்கு."

"முனை, ரொவீனா, முனை! அதோட முனை காசு ஓரத்துல வரிசையா இருக்கிற பல்லுக்கு நேரா நிக்குதா, ரெண்டு பல்லுக்கு நடுவுல நிக்குதா?"

"எந்த முனை? இதுக்கு ஆறு முனை இருக்கு."

"வெளிப்பக்கம் பாத்த முனை!"

"கத்தாத. கண்ணு போனது உனக்கு, காது போகல எனக்கு."

ரொவீனாவுக்கு மண்டை காய்ந்தது. ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில், ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் ஆயுசில் பாதியை உட்கார்ந்தே கழித்து, ஊர்ச் சனத்தையெல்லாம் படம் பிடித்தவள் அவள். ஒரு முகம் மாதிரி இன்னொரு முகம் கிடையாது. இரட்டையர்கள் வந்து நின்றால்கூட யாருக்கு எந்தப் புருவம் தூக்கல் என்று சொல்லிவிடுவாள். இங்கேயோ ஒரே சீமாட்டி. அதே தொப்பி, அதே தடித்த கழுத்து, எதையோ முகர்ந்துவிட்ட மாதிரி அதே மூக்கு. எல்லாம் ஒரே வருஷம் வேறு, 1829. ஒரு தட்டு நிறைய ஒரே பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, இவள் அவளில்லை, அவள் இவளில்லை என்று கட்டிய புருஷன் கல்யாணமான நாளிலிருந்து கொண்டாடிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். இந்த வாரம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஆர்லனின் சங்கத்து நண்பன் வெர்லின் போன் செய்தான். நாணயச் சங்கம் புதிதாக ஒரு புத்தகம் போடுகிறது. வெள்ளி அரை டாலர்களின் அச்சு வகைகள் ஒவ்வொன்றுக்கும் பெரிய படம், நல்ல படம். சனிக்கிழமை காலை கேமராவும் விளக்குகளும் எடுத்துக்கொண்டு வருகிறானாம். "முதல் படமே ஆர்லன் விரிசல்தான், அவன்கிட்ட சொல்லுங்க" என்றான். ஆர்லன் விரிசல் என்பது ஒரு காசு. பண்ணை ஏலம் ஒன்றில் பித்தளைப் பொத்தான்கள் நிறைந்த டப்பாவிலிருந்து ஆர்லன் கண்டெடுத்தது. ஆறாவது நட்சத்திரத்துக்குக் கீழே தொடங்கி சீமாட்டியின் நெற்றி வரைக்கும் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அந்த மாதிரி இன்னொன்றை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பள்ளி பஸ்களுக்கு அடியில் படுத்து எண்ணெயில் குளித்துக்கொண்டிருந்த மனிதரின் பேர் அதனால்தான் நாலு ஊர் சங்கங்களில் தெரியும்.

போனை வைத்துவிட்டு அவள் அந்தக் காசு இருக்க வேண்டிய காகித உறையைத் திறந்தாள். உள்ளே இருந்த காசில் நட்சத்திரத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அடுத்த உறையைத் திறந்தாள், அடுத்ததைத் திறந்தாள். 1829-ஆம் வருஷத்துத் தட்டு முழுக்கக் கலைந்து கிடந்தது. ஆர்லன் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு மங்கினப்ப எடுத்து எடுத்துப் பாத்தேன். திருப்பி வெக்கிறப்ப மாறிப்போச்சு போல" என்றார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சிரிப்ப."

சிரிக்கிற விஷயமா இது? விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, ஓரம் மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் அவரைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. ஓரப் பார்வையில் அவளைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர் ஃப்ரிட்ஜைப் பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டே "உன் சட்டை நல்லாருக்கு" என்பார். அவளுக்கு அழுகையாக வரும்.

சங்கத்திலிருந்து யாரையாவது கூப்பிட்டுப் பிரிக்கச் சொல்லலாமே என்றாள். ஆர்லன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். தன் காசுகளைத் தானே கலைத்துவிட்டேன் என்று வெர்லினிடம் சொல்வதைவிட மொத்தத்தையும் ஆற்றில் கொட்டிவிடலாம் என்றார். "நீ பாரு. நீ பாத்து சொல்லு, நான் எதுன்னு சொல்றேன்."

அப்படித்தான் அவள் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் பார்த்தாள். அந்தக் காலத்தில் அச்சுக்குள் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகக் கையால் தட்டி இறக்குவார்களாம். அதனால் ஓர் அச்சில் நட்சத்திரம் கொஞ்சம் சாயும், இன்னோர் அச்சில் வருஷத்திலுள்ள 2-இன் வால் சுருண்டிருக்கும், வேறொன்றில் பின்பக்கத்துக் கழுகுக்குக் கீழே 50 என்பதிலுள்ள 5 ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். சாய்வு என்று அவர் சொல்வது அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. நேர் என்றது சாய்ந்து தெரிந்தது. மூன்றாவது நட்சத்திரம் என்று அவள் விளக்கமாகச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் மேலிருந்து எண்ணியிருக்கிறாள், அவர் கீழிருந்து எண்ணுகிறார் என்று தெரிந்தது. மத்தியான வேலையெல்லாம் வீண். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு தக்காளி சூப் குடித்தார்கள். முறைப்பதற்கும் அவர் ஃப்ரிட்ஜைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"முன்பக்கத்துக்கு ஒரு அச்சு, பின்பக்கத்துக்கு ஒரு அச்சு" என்று சூப்புக்கு நடுவே பொறுமையை வரவழைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டையும் ஜோடி சேத்து அடிச்சா அது ஒரு கல்யாணம். நாங்க அப்படித்தான் சொல்லுவோம். ஒரு அச்சு உடைஞ்சு போச்சுன்னா, மத்ததத் தூக்கி வேற ஒண்ணோட கட்டி வெச்சிடுவாங்க."

"துக்கம் கொண்டாட நேரம் குடுப்பாங்களா?"

"எங்க குடுக்கிறது? காலையில உடைஞ்சா மத்தியானமே கல்யாணம்."

"ஆம்பளைங்க நடத்தின ஃபேக்டரிதானே" என்றாள் ரொவீனா.

புதன்கிழமை வாக்கில் ஏதோ ஒன்று பிடிபட்டது. எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஒரு காசை எடுத்தவள் லென்ஸை வைப்பதற்கு முன்பே, "இவ வேற. இவளுக்குத் தொப்பிக்குப் பக்கத்து நட்சத்திரம் ரொம்ப ஒட்டி நிக்குது" என்றாள். ஆர்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்பக்கம் என்ன, 5 எங்கே, கழுகின் நகம் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு உறையின் எண்ணைச் சொன்னார். அவள் அந்த உறையைத் தேடி எடுத்துக் காசை உள்ளே போட்டாள். அடுப்பில் ரொட்டி நன்றாக உப்பி வந்த மாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கு. அடுத்த காசிலேயே அந்தச் சந்தோஷம் போய்விட்டது, மறுபடியும் எல்லாரும் ஒரே சீமாட்டி ஆகிவிட்டார்கள். ஆனாலும் தட்டு மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

வியாழக்கிழமை காலையில் அந்தக் காசு கையில் வந்தது. ஆர்லன் அப்போது குளியலறையில் இருந்தார். வெளியே பனி கொட்டி முடித்து வெளுப்பாக வெயில் அடித்தது. ஜன்னலோரம் நின்று பார்த்தாள். ஆறாவது நட்சத்திரத்துக்குக் கீழே தொடங்கி, நெற்றி வரை, மெல்லிசாக ஒரு கோடு மேடு கட்டியிருந்தது. "கிடைச்சிடுச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆர்லன் துண்டோடு வெளியே வந்துவிட்டார். ஈரத்தோடு அவளைக் கட்டிக்கொண்டார். "எப்படி இருக்கு? முழுசா இருக்கா? மேடா இருக்கா?"

"அழகா இருக்கு. மேடா இருக்கு."

மத்தியானம் மேசை விளக்கடியில் இன்னொரு தடவை ஆசையாக எடுத்துப் பார்த்தாள். கோடு பள்ளமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பள்ளம்தான். காசைத் திருப்பினாள், மேடு. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், பள்ளம். சீமாட்டியின் மூக்கு மாறவில்லை, கழுத்து மாறவில்லை, அந்தக் கோடு மட்டும் பிடிகொடுக்காமல் புரண்டு புரண்டு விளையாடியது.

"ஆர்லன், விரிசல்னா கண்டிப்பா மேடாத்தான் இருக்கணுமா?" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பது போலக் கேட்டாள்.

"பின்ன? அச்சுல விரிசல் விட்டா வெள்ளி அதுக்குள்ள போய்ப் புகுந்துக்கும். அதனால காசுல மேடா வரும். அடிச்சு வெளிய வந்த காசை எவனாவது ஆணியால கிழிச்சாத்தான் பள்ளம். மேடுன்னா சரித்திரம், பள்ளம்னா குப்பை." பிறகு அவராகவே ஆரம்பித்தார். "கஸ் இருந்தானே, கஸ் பிராண்ட்? அவன் ஒரு காசைக் கொண்டுவந்து விரிசல்னு சங்கத்து மேசையில வெச்சான். கீறல்! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அன்னிலேர்ந்து அவன் கீறல் கஸ். செத்துப்போன அன்னிக்குக்கூட, 'நம்ம கீறல் கஸ் போயிட்டான்'னுதான் போன் வந்துச்சு."

ரொவீனா குழாயை மூடவே மறந்துவிட்டாள். சனிக்கிழமை வெர்லின் படம் எடுப்பான். புத்தகத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கிப் போடுவான். கோடு பள்ளமாக இருந்தால் அது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். கண்ணும் போய், வண்டிச் சாவியையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்த ஒரு விரிசல்தான் மிச்சம். அதையும் பிடுங்கிக்கொண்டு கீறல் ஆர்லன் என்று பேர் வைத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது துணிகளைக் காயப்போடும் சாக்கில் நிலவறைக்குப் போய் வெர்லினுக்குப் போன் போட்டாள். தனக்கு ஒரு சின்ன சந்தேகம் என்றாள். எந்தக் காசு என்று சொல்லவில்லை.

"ஓ, நீங்களும் மாட்டிக்கிட்டீங்களா?" என்று வெர்லின் சந்தோஷமாகச் சிரித்தான். "வெளிச்சம் மேலேர்ந்துதான் வருதுன்னு நம்ம கண்ணு நெனச்சுக்கும். விளக்கைக் கீழ்ப்பக்கமா வெச்சுட்டா மேடெல்லாம் பள்ளமாத் தெரியும், பள்ளமெல்லாம் மேடாத் தெரியும். ஏமாறாத ஆள் எங்க சங்கத்துலயே கெடையாது. சீமாட்டி தலை மேல பாத்திருக்கணும், விளக்கு அவ தலைக்கு மேல இருக்கணும். அப்பப் பாருங்க, எதுன்னு தெரிஞ்சிடும்."

தெரிந்திருக்க வேண்டும். சீமாட்டியின் தலையை மேலே வைத்தாள், விளக்கைத் தலைக்கு மேலே வைத்தாள். மேடு என்று நெஞ்சில் கைவைத்தாள். இமை கொட்டிவிட்டுப் பார்த்தால் பள்ளம். அவள் மேடு என்று நினைத்தால் மேடாகவும் பள்ளம் என்று பயந்தால் பள்ளமாகவும் அது தெரிய ஆரம்பித்துவிட்டது. காலையில் ஜன்னலில் எந்தப் பக்கம் பார்த்துப் பிடித்திருந்தோம் என்பதும் நினைவில்லை. ஒருவேளை இது அந்தக் காசே இல்லையோ? தட்டை முழுக்கக் கொட்டி எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். வேறு எதிலும் கோடு இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் இன்னொரு குழப்பம் வந்து சேர்ந்தது. 1829-ஐ ஒழுங்குபடுத்தி முடித்துவிட்டோமே, மற்ற வருஷங்களும் எந்த லட்சணத்தில் இருக்கின்றனவோ என்று பக்கத்துத் தட்டுகளைத் திறந்து பார்த்தாள். இரண்டு மூன்று உறைகளை எடுத்து, தான் கற்றுக்கொண்டதை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கண் தெரியாமல் மாறிப்போனது என்றால் அந்த ஒரு தட்டு மட்டும் ஏன் மாற வேண்டும்? வெர்லின் புத்தகத்தைப் பற்றி முதன்முதலில் வாயைத் திறந்தது எப்போது? போன கோடைக்கால விருந்தில், ஆர்லனுக்கு எதிரிலேயே. ரொவீனா தட்டுகளை மூடினாள். கோபமா, பாவமா என்று அவளுக்கே விளங்கவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனிதரைப் பற்றி ஒன்றும் தெரியாதவள் போல, அடுத்த அறையிலிருந்து வந்த குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் இலவங்கப்பட்டை ரோல்களை அடுப்பில் வைத்தாள். ஆர்லன் சவரம் செய்துகொண்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேசையில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவள் குனிந்து அதைச் சரிசெய்துகொண்டே கேட்டுவிட்டாள்.

"நீதானே மாத்தி வெச்ச?"

பொத்தானை அவள் போட்டு முடிக்கும்வரை அவர் மூச்சுக்கூட விடவில்லை.

"அந்தத் தட்டு மட்டும்தான் கலைஞ்சிருக்கு ஆர்லன். வேற ஒண்ணும் கலையல. வெர்லின் வந்தா அது கெடைக்கவே கூடாதுன்னு மாத்தி வெச்ச. அப்புறம் எதுக்கு என்னை உக்கார வெச்சு நட்சத்திரத்தை எண்ண வெச்ச? என் கண்ணும் போகணுமா?"

"கெடைக்கணும்னும் இருந்துச்சு" என்றார் ஆர்லன். "எப்பப் பாத்தாலும் அது மேடாத்தான் இருந்துச்சு ரொவீனா. சத்தியமா. ஆயிரம் தடவ பாத்திருப்பேன். போன கோடையில ஒரு நாள் எடுத்துப் பாத்தேன், பள்ளமாத் தெரிஞ்சுது. கண்ணு கெட்டுப்போனதாலதான் அப்படித் தெரியுதா, இல்ல கண்ணு நல்லாருந்தப்பதான் நான் தப்பாப் பாத்தேனா? அதத் தெரிஞ்சுக்கலாம்னு பாக்குறதுக்குள்ள மிச்சமும் போயிடுச்சு. யார்கிட்ட போய்க் கேக்குறது? கஸ்ஸைப் பாத்து எல்லாரையும்விட அதிகமா சிரிச்சவன் நான்தான்."

ரொவீனா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப நீ சொல்லு. நீ பாத்துட்ட. ரெண்டு நாளா என்கிட்ட சரியாப் பேச மாட்டேங்கற, அதுலயே தெரியுது. மேடா, பள்ளமா?"

"எனக்குத் தெரியல."

"பொய் சொல்லாத. எனக்காகப் பொய் சொல்லாத."

"கடவுளே, நிசமாத்தான் சொல்றேன்! ஒரு நிமிஷம் மேடு, மறு நிமிஷம் பள்ளம். விளக்கை மாத்தி மாத்தி வெச்சு என் தலையே சுத்துது. எனக்கு எழவு ஒண்ணும் புரியல."

"கொண்டா அதை."

அவள் உறையிலிருந்து காசை எடுத்து, அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடி ஓரங்களை மட்டும் பிடித்து, அவர் கையில் வைத்தாள். ஆர்லன் இடது கையில் அதை வாங்கிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலைச் சீமாட்டியின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். ரொவீனா பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். விருந்தாளி ஒருவன் காசின் முகத்தில் விரல் வைத்தான் என்பதற்காக, நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் வான்கோழியைப் பாதியில் விட்டுவிட்டு அவனை வெளியே அனுப்பியவர் இவர். விரலில் உள்ள உப்பு வெள்ளியைத் தின்றுவிடும், ரேகை அப்படியே தங்கிவிடும். படம் எடுக்க ஆள் வந்துகொண்டிருக்கிறான்.

"விடு" என்றார். அவள் விட்டாள்.

கட்டைவிரல் நட்சத்திரத்திலிருந்து நெற்றி வரை போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. ஸ்பேனர் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல் அது. அவர் உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு ஒண்ணும் எட்டல. உன் விரலைக் குடு." அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டுவது போல, கோட்டுக்குக் குறுக்கே மெல்ல இழுத்தார். வெள்ளி குளிர்ச்சியாக இருந்தது. அவள் நகம் ஓரிடத்தில் தட்டி நின்றது. அவள் விரல் நின்றதும் அவர் கையும் நின்றது.

"நின்னுச்சு" என்றார்.

"நின்னுச்சு."

"எதுல நின்னுச்சு?"

அவள் மறுபடி இழுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாலும் நின்றது, இந்தப் பக்கத்திலிருந்து இழுத்தாலும் நின்றது. மேட்டில் இடித்து நிற்கிறதா, பள்ளத்தில் விழுந்து நிற்கிறதா என்று விரலுக்கும் தெரியவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "தெரியல ஆர்லன். சத்தியமாத் தெரியல."

ஆர்லன் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அவளைத்தான் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்து அவள் எழுந்தே விட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தியா" என்றார். "பாத்தியா, எவ்வளவு கஷ்டம்னு." அவளுக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைத்தியம் பிடித்தவர்களைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ பனி ஒட்டிய பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. ஆர்லன் காசை வலது உள்ளங்கைக்குள் வைத்து இறுக மூடிக்கொண்டார்.

"வேணாம்னா வேணாம்" என்றாள் ரொவீனா தாழ்ந்த குரலில். "காணோம்னு சொல்லிடறேன். நான்தான் தொலைச்சுட்டேன்னு சொல்லிடறேன். எனக்கென்ன, நான் சங்கத்துலயா இருக்கேன்?"

"கதவைத் திற" என்றார்.

வெர்லின் குளிரையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். ரோல் வாசனையை மூக்கால் உறிஞ்சி, "இதுக்காகவே ஒரு படம் கூட எடுக்கலாம்" என்றான். மேசைமேல் கேமராவுக்கான தாங்கியை நிறுத்தினான், அடியில் வெள்ளைத் துணியை விரித்தான், விளக்கைச் சீமாட்டியின் தலை வரப்போகும் பக்கமாக நகர்த்திவைத்து எரியவிட்டான். சமையலறையே வெளுத்துப்போயிற்று. கைகளைத் தேய்த்துக்கொண்டு, "எங்கடா நம்ம விரிசல்? எடு, பாப்போம்" என்றான்.

ஆர்லன் துணியின் ஓரத்தை இடது கையால் தடவிக் கண்டுபிடித்துக்கொண்டார். பிறகு மூடிய கையை விளக்குக்கு நேர் கீழே கொண்டுபோய், கவிழ்த்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். காசு விழவில்லை. வியர்த்துப்போன உள்ளங்கையில் சீமாட்டி முகத்தைப் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் கையை உதறவில்லை. வெர்லின் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான், ரொவீனா அடுப்புக் கையுறையோடு நின்றாள், கழுகுப் பக்கம் மட்டும் கீழே வெள்ளைத் துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் மினுங்க அந்தக் கை அப்படியே இருந்தது.